செகந்தராபாத் பையன்கள் இருவர்

தியாகராய நகரில் சோமசுந்தரம் மைதானத்தின் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஒரே சமயத்தில் எட்டுப் பத்து கிரிக்கெட் ஆட்டங்கள் நடப்பதைப் பார்க்கலாம். ஓர் ஆட்டத்தின் பந்தை இன்னோர் ஆட்டத்தின் பையன் பிடித்துவிடுவான். யார் எந்தக் கோஷ்டி என்பது அவர்களுக்கே சில சமயம் குழப்பம். கால்பந்தும் உண்டு, ஆனால் அது ஒரு மூலையில். சென்னையைப் பொறுத்தவரை கூவத்துக்குத் தெற்கே கிரிக்கெட், வடக்கே கால்பந்து என்று நான் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். வியாசர்பாடி, பெரம்பூர், வண்ணாரப்பேட்டைக்காரர்கள் இதற்கு ஆட்சேபம் சொல்லமாட்டார்கள். நம் பேட்டைக்காரர்கள் சொல்லலாம்.

இந்தியக் கால்பந்து அணி ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு முறை தங்கப் பதக்கம் வென்றிருக்கிறது, 1951-இல் ஒரு தடவை, 1962-இல் ஒரு தடவை. இரண்டாவது தடவை ஆடியவர்களில் இருவர் செகந்தராபாத்துக்காரர்கள். ஒருவர் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். மற்றவர் முன்வரிசை ஆட்டக்காரர் துளசிதாஸ் பலராம். தங்கராஜின் பெயரே அவர் பூர்வீகத்தைச் சொல்லிவிடும். பலராமின் பெயரில் வடக்கத்தி வாசனை அடித்தாலும் பெற்றோர் தமிழர்கள். தாயார் பெயர் முத்தம்மா. இந்த இரண்டு பேரையும் பாண்டி பஜாரில் பத்துப் பேரிடம் விசாரித்தால் ஒருவருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். கல்கத்தாவில் டிராமில் போகிற கிழவரைக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்லுவார்.

செகந்தராபாத்தில் தமிழர்கள் எப்படி வந்தார்கள் என்பது கொஞ்சம் பழைய கதை. நிஜாமின் தலைநகருக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கள் பட்டாளத்தை நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு 1806-இல் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரை வைத்தார்கள். பட்டாளம் மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்தது. பட்டாளம் என்றால் சிப்பாய்கள் மட்டுமல்ல. சமையற்காரர், வண்ணார், குதிரைக்காரர், குமாஸ்தா, செருப்புத் தைப்பவர் எல்லாரும் பின்னோடு போனார்கள். பிறகு ரயில் வந்தது, லாலாகுடாவில் ரயில்வே பட்டறை வந்தது. இப்படியாக லஷ்கர் என்று உள்ளூர்க்காரர்கள் அழைத்த அந்த ஊரில் உருதும் தெலுங்கும் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒலித்தன. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சாயங்காலம் பந்து உதைத்தார்கள். வேலி ஓரம் நின்று பார்த்த பையன்கள் அடுத்த நாள் கிடைத்ததை உதைத்தார்கள். 1947-இல் துரைகள் கப்பலேறினார்கள். மைதானங்களை எடுத்துப் போக முடியவில்லை.

ஹைதராபாத்தில் கால்பந்துக்கு ஒரு வாத்தியாரும் இருந்தார். நிஜமாகவே பள்ளிக்கூட வாத்தியார். சையது அப்துல் ரஹீம் என்று பெயர். 1950-இலிருந்து ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தது. ரஹீம் விசித்திரமான பந்தயங்கள் நடத்துவார். ஒரு பந்தயத்தில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, உடனே அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்றில் வராத காலால்தான் ஆட வேண்டும். நமது பள்ளிகளில் இடது கையால் எழுதும் குழந்தையை அடிக்கிற காலத்தில், ஒரு பள்ளி வாத்தியார் இடது காலுக்கென்று போட்டி வைத்திருக்கிறார்!

பலராம் 1936-இல் பிறந்தவர். ஊர் செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடா. ஏழைக் குடும்பம். பையன் படித்து ஒரு சர்க்கார் உத்தியோகத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது தாயாருடைய ஆசை. முத்தம்மாவைக் குறை சொல்ல முடியாது. பந்தாடிப் பிழைத்தவன் என்று அந்தக் காலத்தில் யாரையாவது காட்ட முடியுமா? ஆடுகிறவன் போலீஸ்காரனாக இருந்தான், சிப்பாயாக இருந்தான், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தான். சம்பளப் பட்டியலில் ஆட்டத்துக்கு என்று ஒரு வரி கிடையாது. ஒலிம்பிக் விதியும் அப்படி. பணம் வாங்கி ஆடுகிறவனுக்கு அங்கே இடமில்லை. வசதியுள்ளவர்கள் ஏற்படுத்திய விதி அது. பணம் வாங்காமல் ஆடுவது கௌரவம் என்று, பணம் இருப்பவன்தானே சொல்ல முடியும்?

இதில் இன்னொரு சங்கடமும் வந்து சேர்ந்தது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா பத்துக்கு ஒன்று என்று தோற்றது. நமது ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடியிருந்தார்கள். அவமானம் தாங்காமல், இனிமேல் பூட்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டும் என்று கால்பந்துச் சம்மேளனம் சட்டம் போட்டுவிட்டது. சட்டம் சரியானதுதான். ஆனால் அதுவரை ஏழைப் பையனுக்குக் கால்பந்தில் இருந்த பெரிய சௌகரியம், அதற்குக் கால் இருந்தால் போதும் என்பதுதான். இப்போது பூட்ஸ் வேண்டும். அம்மாவிடம் கேட்டால் உத்தியோகப் பேச்சு எழும். போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, ஆடுகிற பூட்ஸாக மாற்றி வாங்கினார் பலராம், கூலி இரண்டு ரூபாய் என்று சொல்லுவார்கள். ஹைதராபாத் போலீஸ் அணியில் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டமோ, போலீஸ் பூட்ஸ் மட்டும் முதலில் கிடைத்துவிட்டது.

அந்த பூட்ஸுடன் செகந்தராபாத் லீகில் ஆடினார், பிறகு ஹைதராபாத்தில் ரைடர்ஸ் கிளப்புக்கு ஆடினார். ரஹீம் பார்த்துவிட்டார். சந்தோஷ் கோப்பை அணித் தேர்வுக்கு வரச் சொன்னார். வருவதற்குப் பணம் இல்லை என்று பையன் சொன்னான். அம்முகுடாவிலிருந்து ஹைதராபாத் மைதானம் ஏறக்குறைய பத்து மைல். ரஹீம் உபதேசம் எதுவும் செய்யவில்லை. சைக்கிள் வாடகைக்கு என்று தினம் ஒரு ரூபாய் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

அந்த ஒரு ரூபாயைப் பற்றி நான் நிறைய யோசித்ததுண்டு. அதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது, தானம் என்றும் சொல்ல முடியாது. வாடகை சைக்கிளில் பத்து மைல் மிதித்துப் போய், மைதானத்தில் இரண்டு மணி நேரம் ஓடி, மறுபடி பத்து மைல் மிதித்து வீட்டுக்கு வந்தால், இருபது வயதுகூட நிரம்பாத பையனுக்கு எவ்வளவு பசிக்கும் என்பதை எந்த ஒலிம்பிக் கமிட்டியும் கணக்கிட்டதில்லை. ஆனால் ஆட்டத்துக்காக அவர் கைக்கு வந்த காசு என்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஹைதராபாத் 1956-57, 1957-58 இரண்டு பருவங்களிலும் சந்தோஷ் கோப்பையை வென்றது. பலராம் இரண்டிலும் இருந்தார். 1956 முடிவதற்குள் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியிலும் இருந்தார். சைக்கிளுக்குக் காசில்லாத பையன் ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில் போய் வந்தான்.

தங்கராஜ் வேறு வழியாகப் போனார். பலராமைவிட ஒரு வயது மூத்தவர். செகந்தராபாத்தில் மார்னிங் ஸ்டார், ஃபிரண்ட்ஸ் யூனியன் என்ற கிளப்புகளில் ஆடிவிட்டு 1953-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். சாப்பாடு, உடுப்பு, சம்பளம், பூட்ஸ் நான்கும் ஒரே கையெழுத்தில் கிடைத்தன. அவரைச் சேர்த்துக்கொண்டது மதராஸ் ரெஜிமென்ட். 1758-இல் தொடங்கிய சரித்திரம் அதற்கு. அதன் பயிற்சி மையம் நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில். தமிழரின் பட்டாளத்தைத் தொடர்ந்து தமிழ்க் குடும்பங்கள் நிஜாம் ராஜ்யத்துக்குப் போயின என்று சொன்னேனே, அந்த வழியிலேயே ஒரு பையன் தெற்கே திரும்பி வந்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெலிங்டன் கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல். காற்று இலேசு. அங்கே ஓடிப் பழகியவன் டில்லிச் சமவெளியில் ஆடும்போது நெஞ்சு இரண்டு மடங்கு வேலை செய்யும். தங்கராஜ் முதலில் சென்டர் ஃபார்வர்டாகத்தான் ஆடினார். பிறகு கோலில் நிறுத்தப்பட்டார். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள். கோல் அடிக்கப் பழகியவனைக் கோல் காக்க நிறுத்தினால் அதில் ஒரு லாபம் உண்டு. எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் உதைக்க நினைப்பான் என்பது, தானும் அப்படி நினைத்து உதைத்தவனுக்குத் தெரியும். திருடனைப் போலீஸாக்கும் யுக்தி என்று விளையாட்டாகச் சொல்லலாம்.

1955-இல் மதராஸ் ரெஜிமென்ட் மையம் டில்லியில் டுராண்ட் கோப்பையை வென்றது. 1888-இல் சிம்லாவில் வெள்ளைக்கார சர்க்காரின் வெளியுறவுச் செயலாளர் ஒருவர் சிப்பாய்களுக்காக ஏற்படுத்திய பந்தயம் அது. வெகு காலம் ஹைலாண்டர்களும் இன்னபிற துரைப் பட்டாளங்களும் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1940-இல்தான் முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற இந்திய கிளப் ஒன்று முதன்முதலாக அதைப் பறித்தது. பதினைந்து வருஷம் கழித்து நீலகிரியிலிருந்து போன மதராஸிகள் இறுதி ஆட்டத்தில் விமானப்படையைத் தோற்கடித்துக் கோப்பையைக் குன்னூருக்குக் கொண்டு வந்தார்கள். கோலில் நின்றவருக்கு இன்னும் இருபது வயது நிரம்பவில்லை. அதே வருஷம் டாக்காவில் நடந்த நான்கு நாட்டுப் போட்டியில் இந்திய அணிக்கு முதன்முதலாக ஆடினார். 1958-இல் வெலிங்டன்காரர்கள் கூர்க்கா பிரிகேடைத் தோற்கடித்து மறுபடி டுராண்டை வென்றார்கள். அந்த வருஷம் தங்கராஜை ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று சொன்னார்கள். இவ்வளவும் ஒரு சிப்பாயின் சம்பளத்தில்.

மெல்போர்னில் செகந்தராபாத்துக்காரர்கள் இருவரும் ஒரே அணியில் இருந்தார்கள். இந்தியா ஆஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டில் வென்று, யூகோஸ்லாவியாவிடமும் பல்கேரியாவிடமும் தோற்று நான்காவது இடத்தில் நின்றது. ஒலிம்பிக் கால்பந்தில் நாம் அதற்கு மேல் ஏறியதில்லை.

பிறகு கல்கத்தா கூப்பிட்டது. பலராம் 1957-இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். தங்கராஜ் 1960-இல் பட்டாளத்து அணிக்குத் தலைமை வகித்து முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு, உடுப்பைக் கழற்றி முகமதன் ஸ்போர்ட்டிங்கில் சேர்ந்தார். கல்கத்தாவில் அப்போது என்ன நடந்தது என்பதை எல்லாரும் அறிவார்கள், யாரும் எழுதி வைக்கமாட்டார்கள். ஆட்டக்காரன் அமெச்சூர். ஆனால் கையெழுத்துப் போடும் பருவம் வந்தால் கிளப் காரியதரிசிகள் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் எதிராளி கண்ணில் படாத வீட்டில் ஒளித்து வைப்பார்கள், கலியாணப் பெண்ணைக் காப்பாற்றுகிற மாதிரி. மெஸ்ஸில் சாப்பாடு, கையில் ஏதோ ஒரு தொகை. ரசீது கிடையாது. ரசீது இல்லாததால் உரிமையும் கிடையாது. காலில் அடிபட்டால் அடுத்த பருவம் யாரும் காரை அனுப்பமாட்டார்கள்.

இன்றைக்கு நிலைமை வேறு. 1996-இல் தேசிய லீக் வந்தது, 2014-இல் ஐ.எஸ்.எல். வந்தது. எத்தனை வருஷம், எவ்வளவு பணம் என்று முத்திரை வைத்து எழுதிக்கொள்கிறார்கள். கல்கத்தா மோகம் மட்டும் போகவில்லை. வியாசர்பாடியிலிருந்து போன நந்தகுமார், 2023 ஆகஸ்டில் டுராண்ட் போட்டியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரே கோலை அடித்து ஜெயிக்க வைத்தார். பலராம் சட்டை போட்ட கிளப். பலராம் அதற்கு ஆறு மாதம் முன்பு பிப்ரவரியில் காலமாகியிருந்தார்.

ஈஸ்ட் பெங்காலில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1961-இல் அவர் தலைமையில் லீகும் ஐ.எஃப்.ஏ. ஷீல்டும் கிடைத்தன. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூன்று பெயர்களையும் சேர்த்தே சொல்வது வங்காளிகளின் வழக்கமாயிற்று. 1962 செப்டம்பர் 4-ந் தேதி ஜகார்த்தாவில் தென்கொரியாவுடன் இறுதி ஆட்டம். இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்திருந்தபடியால் அந்த ஊர்க் கூட்டம் முழுவதும் நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. ரஹீம் புற்றுநோயுடன் இருந்தார். தங்கராஜ் ஜுரத்தில் படுத்திருந்து, இறுதி ஆட்டத்துக்குத்தான் கோலில் வந்து நின்றார். இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா வென்றது. அடுத்த ஜூனில் ரஹீம் இறந்துபோனார்.

தங்கராஜ் மோகன் பகானுக்கும் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினார். 2008 நவம்பரில் பொகாரோவில் இறந்தார். பலராம் 1963-இல் ஈஸ்ட் பெங்காலை விட்டு பி.என்.ஆர். அணிக்குப் போனார். அது ரயில்வே அணி. நுரையீரல் கெட்டுவிட்டதால் அந்த வருஷத்தோடு ஆட்டத்தை நிறுத்தினார். வயது 27. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹூக்ளி ஓரமாகக் குடியேறி, கடைசி வரை அங்கேயே இருந்தார்.