தோள்சீலையும் மனித மாண்பும்

தென் திருவிதாங்கூரில் 1822 முதல் 1859 வரை மும்முறை எழுந்த தோள்சீலைப் போராட்டத்தை, மிஷனெரிகள் ஆடையற்றோருக்கு ஆடை வழங்கிய வரலாறாக நம் பிரசங்கங்களில் எடுத்துரைப்பது வழக்கமாகிவிட்டது. இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அக்கால அரசாணைகளை வரிசையாக வாசிப்போர்க்கு வேறொரு செய்தி புலப்படும்.

மார்பைத் திறந்திருத்தல் தாழ்ந்தோர் மேலோர்க்குக் காட்டவேண்டிய மரியாதை என்பது அந்நாட்டு வழக்கம். நாயர் பெண்டிரும் நம்பூதிரிகளின் முன் மேலாடையை விலக்கினர். ஒருவர் எப்படியில் நிற்கிறார் என்பதை ஊரறியச் செய்தது தோளில் கிடந்த அச்சீலையே. நாணத்தைப் பற்றிய பேச்சு பின்னரே வந்து சேர்ந்தது.

1813-இல் ரெசிடெண்டும் திவானுமாயிருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் மார்பை மறைக்க இசைவளித்தார். அடுத்த ஆண்டு அரசு அதற்கு வரம்பு கட்டியது: சிரியக் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் அணியும் குப்பாயம் அணியலாம், நாயர் பெண்டிர் அணியும் தோள்சீலை கூடாது. நாகர்கோவிலில் மீட் அம்மையார் தளர்வான இரவிக்கை ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். மிஷனெரிகளுக்கு அது போதுமானதாயிற்று, பெண்களுக்கோ போதவில்லை. அவர்கள் இரவிக்கையின்மேல் தோள்சீலையையும் அணிந்து சந்தைக்குச் சென்றனர். சீலைகள் கிழிக்கப்பட்டன. 1829 பிப்ரவரி 3-ஆம் நாள் வெளியான ஆணை, தோள்சீலையைத் தடுத்ததோடு, கூலியில்லா ஊழியத்தையும் தவறாது செய்யவேண்டும் என்றது. ஒரே ஆணையில் இவ்விரண்டும் இடம்பெற்றது தற்செயலன்று. குனிந்து வேலை செய்யவேண்டியவர் நிமிர்ந்து நடக்கும் உடை அணிவதை அதிகாரத்தால் பொறுக்க இயலவில்லை.

இவ்வெழுச்சி திருச்சபைக்கு மட்டும் உரியதென்றும் கருதலாகாது. அதே நாட்டில் வைகுண்ட சுவாமி தம்மைப் பின்பற்றிய ஆண்களைத் தலைப்பாகையுடன் வழிபடச் செய்தார். 1858-இல் மீண்டும் கலகம் மூண்டபோது இந்து நாடார் பெண்களும் தோள்சீலை அணிந்திருந்தனர். ஆலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் டிரெவெலியன் வற்புறுத்தியபின், 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா புதிய பிரகடனம் வெளியிட்டார்.

நாம் வெற்றியெனக் கொண்டாடும் ஆணை இதுவே. அதன் வாசகத்தைச் சற்று நிதானித்து நோக்கவேண்டும். நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப்போல் இரவிக்கை அணியலாம். எம்மதத்தவராயினும் முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம். வேறு எவ்விதமாகவும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்டிரைப்போல் மட்டும் கூடாது. அரசு உடலுக்குத் துணி கொடுத்தது. அப்பெண்கள் கேட்ட சமநிலையை மறுத்தது. மீனவப் பெண்களின் தாழ்வையும் போகிறபோக்கில் சட்டமாக எழுதிவைத்தது!

தேவசாயலில் படைக்கப்பட்டோர் என்னும் ஆதியாகமப் போதனையைக் கேட்ட அப்பெண்கள், தம் போதகர்களைவிட அதைக் கூர்மையாக விளங்கிக்கொண்டனர் என்பதே என் துணிபு. மிஷனெரிகள் ஒழுக்கத்தின் பெயரால் வாதாடினர். பெண்களோ எந்த உடை உயர்வின் குறியோ அதையே எடுத்து அணிந்தனர். இதில் ஒரு குறையும் உண்டு. மேலோருக்கு நிகராவதே மாண்பு எனக் கொண்டால், தமக்கும் கீழே வைக்கப்பட்டோரைப் பற்றிப் பேச வாய்ப்பில்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. அவ்வடிமைத்தனத்திலிருந்து வந்த புலையரையும் பறையரையும் 1859-இன் பிரகடனம் குறிப்பிடவேயில்லை.

புலையப் பெண்கள் சாதியடையாளமாகக் கழுத்தில் கல்மாலை அணியவேண்டும் என்னும் கட்டாயம் மேலும் ஐம்பத்தாறு ஆண்டுகள் நீடித்தது. 1915-இல் கொல்லத்துக்கு அருகிலுள்ள பெரிநாட்டில் அவர்கள் அதை மறுத்தபோது குடிசைகள் கொளுத்தப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் அய்யன்காளி கூட்டம் கூட்டினார். பெண்கள் ஒவ்வொருவராக முன்வந்து கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். அவை மேடையில் குவியலாய்க் கிடந்தன.