உள்ளங்காற் கட்டியும் இழையப் பரிசோதனையும்: வன்னியிலிருந்து எக்கிரைன் போரோமா பற்றி

எக்கிரைன் போரோமா வியர்வைக் கானின் மேற்பகுதியிலிருந்து எழும் தீங்கற்ற கட்டி. கோல்ட்மன், பிங்கஸ், ரோகின் ஆகியோர் 1956இல் இதை விவரித்தனர். வியர்வைச் சுரப்பிகள் செறிந்த உள்ளங்காலும் பாதத்தின் ஓரமும் இதற்கு வாய்ப்பான இடங்கள். இது அரிய நோய்தான். ஆனால் வன்னியில் இது இனங்காணப்படாமற் போனால், அதற்கு அருமையை மட்டும் காரணமாகச் சொல்லித் தப்ப முடியாது. உள்ளங்காற் கட்டியைச் சீவியோ சுட்டோ விட்டு, இழையத்தை ஆய்வுக்கு அனுப்பாமல் விடும் வழக்கத்தையே முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

முரசுமோட்டையில் வயல் செய்யும் ஒருவர் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறார் என்று கொள்வோம். உள்ளங்காலில் கடலையளவில் சிவந்த, ஈரலிப்பான கட்டி; சுற்றிலும் மெல்லிய பள்ளம்; தொட்டால் இரத்தம் கசியும். "முள்ளுக் குத்தினது, பிறகு காலாணி ஆகிட்டுது" என்பார். சீனி வருத்தமும் இருந்தால் அது ஆறாத புண்ணாகவே பார்க்கப்படும். 2009 வரை நீடித்த போரைக் கடந்து வந்த உடலானால் செல் துண்டையும் நினைக்க வேண்டும். உலோகமானால் எக்ஸ்ரே காட்டிவிடும். போரோமாவை எக்ஸ்ரே காட்டாது.

ஒவ்வொரு காலாணியையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதா என்று கேட்கலாம். தேவையில்லை. காலாணியைச் சீவினால் நடுவில் கடினமான, தெளிந்த கரு தெரியும். மருவில் கரும்புள்ளிகள் தெரியும். சிவந்து, இலகுவில் இரத்தம் கசிந்து, வைத்தியத்துக்குப் பிறகும் திரும்ப வளர்வதே ஆய்வுக்குரியது. நிறமற்ற மெலனோமாவும் இதே தோற்றத்தில், இதே இடத்தில் வரும். டெர்மோஸ்கோப்பில் தெரியும் சுருண்ட குருதிக்குழாய்கள் போரோமாவைச் சுட்டினாலும் மெலனோமாவை விலக்கப் போதா. சுட்டுப் பொசுக்கியபின் எதையும் நிரூபிக்க வழியில்லை. இதுவே என் கவலை.

நுணுக்குக்காட்டியில் போரோமா ஐயத்துக்கு அதிகம் இடம் வைக்காது. ஒரே சீரான சிறு கலங்கள் மேற்றோலிலிருந்து அகன்ற பட்டைகளாக இறங்கும். அயற்கலங்களோடு எல்லை தெளிவாக இருக்கும். இடையிடையே நுண்கான்கள் தென்படும். கருக்கள் ஒழுங்கிழந்து, விளிம்பு ஊடுருவினால் அது போரோகார்சினோமா. நெடுநாள் இருந்த போரோமாவிலிருந்தும் அது உருவாகலாம். ஆதலால் மேலாகச் சீவியெடுத்த துண்டை மட்டும் நம்புவது ஆபத்து. அடித்தளம் அதில் இராது.

சிகிச்சை எளிது: உணர்விழப்பு ஊசியின் கீழ், சிறு விளிம்போடு முழுமையாக வெட்டியெடுத்தல். எச்சம் இருந்தால் மீள வளரும். தூரத்துக் கிராமத்தவர் மறுபடி கிளினிக் வருவது நிச்சயமில்லை என்பதாற்கூட, சிறிய கட்டியை முதல் தடவையிலேயே முழுதாக எடுத்துப் போமலினில் இடுவது நல்லது. பெரிதானால் முதலில் ஆழமான மாதிரி எடுக்கலாம். அது தீங்கற்றது என்று உறுதியான பின்னரே, உள்ளங்காற் காயம் ஆறும் வாரங்களை மனதிற்கொண்டு, அருவி வெட்டு முடியும்வரை சத்திரசிகிச்சையைத் தள்ளிவைக்க நோயாளி கேட்டால் வைத்தியர் இணங்கலாம்.