அழிச்ச டிராயிங் எங்கே போகுது?

பி.காம் படிக்கிற பையனுக்கு ஆட்டோகேட் வரலாறு எதுக்குன்னு கேட்பீங்க. காரணம் எங்க பெரியப்பா பையன். காரமடைப் பக்கம் ஒரு சின்ன பம்ப் பட்டறையில் டிராயிங் போடுகிறார். போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி முகமெல்லாம் வெளிறிப் போய் வந்தார். பென் டிரைவில் சினிமா ஏற்ற இடமில்லை என்று ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டாராம். அதில்தான் 14 இம்பெல்லர் டிராயிங் இருந்திருக்கிறது. பென் டிரைவிலேயே வைத்து வேலை செய்ததால் கம்ப்யூட்டரில் காப்பி கிடையாது. பென் டிரைவில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. திங்கட்கிழமை பேட்டர்ன் செய்பவரிடம் கொடுக்க வேண்டும். "மொதலாளிகிட்ட என்னத்தைடா சொல்றது?" என்று உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

கணக்குப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் இன்டெக்ஸ் இருக்கும், இந்தப் பெயர் இந்தப் பக்கம் என்று. கம்ப்யூட்டரில் ஒரு கோப்பை அழித்தால், பெரும்பாலும் அந்த இன்டெக்ஸில் மட்டும்தான் கோடு விழுகிறது. உள்ளே எழுதியது அப்படியே கிடக்கும். வேறு யாராவது அந்தப் பக்கத்தின் மேல் எழுதும் வரைக்கும்.

இந்த இன்டெக்ஸ் முறைக்கு ஃபேட் என்று பெயர். 1977இல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் எழுதியது. 1981இல் டாஸ் வந்தபோது அதற்குள்ளும் போனது. டாஸில் ஒரு கோப்பை அழித்தால், அதன் பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'ஈ5' என்ற குறியைப் போடும். அவ்வளவுதான் அடையாளம். மீதிப் பெயர், கோப்பின் அளவு, அது தொடங்கும் இடம் எல்லாம் அங்கேயே இருக்கும். ஆனால் எந்தத் துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டு என்ற சங்கிலி மட்டும் துடைக்கப்பட்டுவிடும். அதனால் தொடர்ச்சியாக எழுதப்பட்ட கோப்பு சுலபமாகத் திரும்பும், சிதறிக் கிடந்த கோப்பு திரும்பாது.

இதை வைத்துக் காசு பார்த்தவர் பீட்டர் நார்ட்டன். தானே ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டு, திரும்ப அடிக்கச் சோம்பல்பட்டு மீட்கும் புரோகிராம் எழுதினார் என்பார்கள். 1982இல் வந்த நார்ட்டன் யுட்டிலிட்டீஸில் அதுதான் முக்கிய சரக்கு. பழைய டாஸ் காலத்து மீட்பு புரோகிராம்கள் அழித்த பெயர்களை முதல் எழுத்து இல்லாமல் காட்டி, 'முதல் எழுத்து என்ன?' என்று நம்மையே கேட்கும். குறும்பு இல்லை, அதற்கு நிஜமாகவே தெரியாது :) 1991இல் டாஸ் 5 வந்தபோது அன்டெலீட் கட்டளை அதிலேயே சேர்ந்து வந்தது.

அதே 1982இல்தான் ஜான் வாக்கரும் நண்பர்களும் ஆட்டோடெஸ்க் கம்பெனி தொடங்கி, டிசம்பரில் ஆட்டோகேட்டை விற்க ஆரம்பித்தார்கள். கோவைக்கு மோட்டார் தொழில் 1937லேயே வந்துவிட்டது, ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்த வருடம். அந்தக் காலத்து டிராயிங் எல்லாம் டிரேசிங் தாளில். அதிலிருந்து அம்மோனியா பிரிண்ட் எடுத்து ஒன்று லேத்துக்கு, ஒன்று ஃபவுண்டரிக்கு என்று போகும். மூலம் கிழிந்தாலும் எண்ணெய்க் கறையோடு ஒரு காப்பி எங்காவது தொங்கும். பேக்கப் என்ற வார்த்தை தெரியாமலே பேக்கப் வைத்திருந்தார்கள்! கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் ஒரே காப்பி, ஒரே ஆள், ஒரே பென் டிரைவ் என்று ஆனது.

ஆட்டோகேட் எழுதியவர்களுக்கும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் முந்தைய வடிவத்தை 'பேக்' என்ற பின்பெயரோடு பக்கத்திலேயே வைத்துவிடும். பின்பெயரை 'டிடபிள்யூஜி' என்று மாற்றினால் திறக்கும். இது போக டெம்ப் ஃபோல்டரில் 'எஸ்வி$' என்று தானாகச் சேமிக்கும் கோப்பு ஒன்று உண்டு. கரண்ட் போனால் அது காப்பாற்றும். நாம் ஒழுங்காக மூடினால் அதுவே அழிந்துவிடும்.

இன்டெக்ஸே போய்விட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. டிடபிள்யூஜி கோப்பின் முதல் ஆறு எழுத்து அதன் பதிப்பைச் சொல்லும். 2000 பதிப்பு என்றால் 'ஏசி1015', 2018 என்றால் 'ஏசி1032'. ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருட்கள் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல், டிஸ்க் முழுக்க இப்படிப்பட்ட தொடக்க எழுத்துகளைத் தேடி எடுக்கும். கோப்பு வரும், பெயர் வராது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1998இல் பிக்சாரில் டாய் ஸ்டோரி 2 படம் உருவாகிக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையில் பொம்மைகளின் வடிவங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சுமார் 90 சதவீதம் போச்சு. பேக்கப் டேப்பைப் போட்டுப் பார்த்தால் அது பல வாரமாகச் சரியாகவே பதிவாகவில்லை. காப்பாற்றியது காலின் சுஸ்மன் என்ற பெண்மணி. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தவர், அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்தது. போர்வையில் சுற்றிக் காரில் வைத்து ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கதை பிடிக்கவில்லை என்று பெரும்பகுதியை மாற்றி, 9 மாதத்தில் புதிதாக எடுத்தார்கள் என்பது வேறு விஷயம். 2023இல் பிக்சார் ஆட்குறைப்பு செய்தபோது அந்த சுஸ்மனும் வேலை இழந்தார். இது எனக்கு ஜீரணமாகவில்லை.

இப்போது இந்த வழிகள் சுருங்கிக்கொண்டு வருகின்றன. எஸ்எஸ்டி டிஸ்க்கில் 'டிரிம்' என்று ஒன்று இருக்கிறது. 2009இல் விண்டோஸ் 7 முதல் வந்தது. அழித்ததும் "இந்த இடம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், டிஸ்க்கும் சுத்தமாகத் துடைத்துவிடும். வேகத்துக்காகச் செய்தது. ஆனால் கோடு போட்ட பக்கத்தையே கிழித்து அடுப்பில் போட்டது மாதிரி.

அண்ணனுக்கு அதிர்ஷ்டம், அது சாதாரண பென் டிரைவ். உள்ளே இன்னமும் அதே ஃபேட் முறை, அதே ஈ5. ஒரே தப்பு, அழித்த கையோடு ஒரு படத்தை ஏற்றிவிட்டார். வேறு எதையும் எழுதவிடாமல் என் லேப்டாப்பில் மாட்டித் தேடினோம். 14இல் 12 திறந்தது. இரண்டின் மேல் சினிமா உட்கார்ந்திருந்தது. அதில் ஒன்றின் 'பேக்' கோப்பு தனியாக வேறு இடத்தில் கிடந்தது, இரண்டு அளவு மட்டும் பழையது. திருத்திக்கொண்டார்.

கடைசி ஒன்று வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்குப் போய், பழைய பம்ப்பைக் கழற்றி இம்பெல்லரை வெளியே எடுத்தார். பிளேடு விளிம்பில் மை தடவித் தாளில் அச்சு எடுத்து, மற்ற அளவுகளை வெர்னியரில் எடுத்து, ராத்திரி எட்டு மணிக்கு முடித்தார். நான் டார்ச் பிடித்தேன்.