“ஒண்டுமில்லை” என்ற நோயின் வரலாறு

நடுச்சாமத்தில் எங்கள் ராத்தாவுக்கு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. மௌத்து வந்துவிட்டதென்று கலிமாவும் சொல்லத் தொடங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, “ஒண்டுமில்லை, சும்மா பயம்” என்றார்கள். ராத்தாவுக்கு வருத்தத்தை விட அந்த “சும்மா”தான் பாரமாக இருந்தது. தமிழ் படிப்பிக்கிறவன் நான். மருத்துவம் என் துறையல்ல. ஆயினும் அந்தச் சொல்லின் பின்னால் போய்ப் பார்த்தேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதே முறைப்பாட்டுடன் வந்த படைவீரர் முந்நூறு பேரளவில் ஆராய்ந்து, பிலடெல்பியா மருத்துவர் டா கொஸ்டா 1871இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதயத்தின் அமைப்பில் பழுதைக் காணோம். அதற்காக அவர் அதை நடிப்பென்று தள்ளிவிடவில்லை. பலருக்கு முன்னர் காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்ததையும் குறித்துவைத்தார். இதுதான் இன்றைய பீதிக் கோளாறு என்று அடித்துச் சொன்னால் சரித்திரத்துக்கு நியாயமில்லை. குடும்பச் சாயல் உண்டு, அவ்வளவுதான்.

அடுத்த தடயம் மொன்றியலில். 1936இல் ஹான்ஸ் செலியே எலிகளைக் குளிரிலும் காயத்திலும் கடும் உழைப்பிலும் வாட்டினார். எதனால் வாட்டினாலும் விளைவு ஒன்றே: அதிரீனல் சுரப்பி பெருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. தைமஸ் எதற்கென்று அன்று எவருக்கும் தெரியாது. அது நிர்ப்பீடனத்தின் உறுப்பு என்பதை 1961இல்தான் ஜாக் மில்லர் காட்டினார். மன உளைச்சலுக்கும் நோயெதிர்ப்புக்கும் உள்ள தொடுப்பு இருபத்தைந்து வருடம் கண்முன்னே கிடந்தும் வாசிக்க ஆளில்லை! இடையில், 1948இல், மேயோ கிளினிக்கில் மூட்டுவாதத்தால் முடங்கிய பெண்ணொருவர் கோட்டிசோன் ஊசியால் சில நாட்களில் எழுந்து நடந்தார். அதிரீனலின் சுரப்பு அழற்சியை அடக்கும் என்பது அதனால் வெளிச்சமானது.

பீதிக் கோளாறு என்ற தனிப்பெயர் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் ஏறியது 1980இல். பீதி வந்தால் கோட்டிசோல் பொங்கும் என்றுதான் நாமும் நினைப்போம். ஆனால் லக்டேற் ஏற்றிப் பீதியை வரவழைத்த ஆய்வுகளில் அது பெரும்பாலும் உயரவில்லை. இரத்தத்தில் அழற்சியைத் தேடிய ஆய்வுகளும் ஒரே பதிலைத் தரவில்லை. ஆகவே “நிர்ப்பீடனம் குறைஞ்சதால வந்தது” என்று மருந்து விற்க வருபவர்களை நான் நம்பமாட்டேன். “சும்மா” என்பவர்களையும்தான்.

இதையெல்லாம் ராத்தாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப தம்பி, அந்தப் பட்டாளத்து ஆக்களுக்குச் சுகமாச்சா?” என்றார்.

பலர் ஓய்வெடுத்துத் திரும்பவும் கடமைக்குப் போனார்கள் என்றேன். அடுத்த கிழமை மனநலக் கிளினிக்குக்கு என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.