உஷப்தி: பலியின் எச்சமா, பதிலாளா?

எகிப்தியக் கல்லறைகளில் கிடைக்கும் உஷப்தி உருவங்களை, மன்னனோடு பணியாளரையும் பலியிட்டுப் புதைத்த பழைய வழக்கத்தின் மென்மையான தொடர்ச்சியாகக் கருதுவோர் பலர். சான்றுகள் அக்கருத்துக்கு இடம் தரவில்லை. அரசு குடிகளிடம் வாங்கிய அமஞ்சி வேலையே உஷப்தியின் பிறப்பிடம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலாவது, கால இடைவெளி. அபிடோஸில் முதல் அரசமரபைச் சேர்ந்த ஜெர் மன்னனின் கல்லறையைச் சூழ பணியாளரைப் புதைத்த 300க்கும் மேற்பட்ட துணைக் கல்லறைகள் உள்ளன. அம்மரபின் முடிவோடு, கி.மு. 2900 அளவில், இவ்வழக்கமும் மறைகிறது. உஷப்தியின் முன்னோடிகள் தோன்றுவதோ கி.மு. 2000ஐ ஒட்டி. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு இடைவெளியை வைத்துக்கொண்டு நேரடித் தொடர்ச்சி பேச இயலாது.

இரண்டாவது, வடிவம். தீப்ஸில் அரச அதிகாரி மெகெத்ரேயின் கல்லறையிலிருந்து 1920இல் வெளிவந்த மர மாதிரிகளில் ஆட்கள் ரொட்டி சுடுகிறார்கள், மாடுகளைக் கணக்கெடுக்கிறார்கள். அவர்கள் ஐயமின்றிப் பணியாளர்கள். டெய்ர் எல்-பஹ்ரியில் அரசி நெஃபெருவுக்காக வைக்கப்பட்ட உருவமோ வேறு வகை: மெழுகால் செய்த சிறு உடல், அதற்கு லினன் துணிச் சுற்று, அதை வைக்க அளவான மரப்பேழை. இது இறந்தவரையே குறுக்கிச் செய்த உரு. பிற்கால உஷப்திகளும் மம்மி வடிவில், இறந்தவரின் பெயரைத் தாங்கியே நிற்கின்றன. அவற்றின் கைகளில் மண்வெட்டி, தோளுக்குப் பின்னால் பை.

மூன்றாவது, மந்திரம். சவப்பேழை நூல்களின் 472ஆம் மந்திரம், பின்னர் இறந்தோர் நூலின் 6ஆம் அதிகாரமாக நிலைபெற்றது. வயலைப் பண்படுத்தல், கரைநிலத்துக்கு நீர் பாய்ச்சல், மணலைக் கிழக்கிலிருந்து மேற்குக்குக் கொண்டுசேர்த்தல் ஆகிய வேலைகளுக்கு இறந்தவர் அழைக்கப்பட்டால், உருவம் அவருக்குப் பதிலாக முன்வந்து குரல் கொடுக்க வேண்டும். நைல் பள்ளத்தாக்கில் குடிகள் மீது விழுந்த கடமைகளும் இத்தகையவையே. அவற்றிலிருந்து தப்பியோடியவர்களின் பட்டியல், மூன்றாம் அமெனெம்ஹாத் காலச் செய்திகளோடு, இன்று புரூக்ளின் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு பாப்பிரஸில் இருக்கிறது.

இந்த அழைப்புக்கு மன்னனும் விலக்கல்லன். துட்டன்காமனுக்கு 413 உருவங்கள்: ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365, பத்துப் பேருக்கு ஒருவராக 36 கங்காணிகள், மாதத்துக்கு ஒருவராக 12 பேர். வேலைக்குழுவின் முறைப்பட்டியலே இங்கு கல்லறைக்குள் நுழைந்திருக்கிறது.

பதிலாள் ஏவலாளாகும் மாற்றம் கி.மு. முதலாம் ஆயிரமாண்டின் தொடக்கத்தில் தெளிவாகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஒரு பாப்பிரஸில், அமுன் கோயிலின் தாயத்துக் கைவினைஞர் 401 உஷப்திகளுக்கு வெள்ளி பெற்றதை ஒப்புக்கொண்டு, அவற்றைப் பணியாட்களாகவே குறிக்கிறார். கங்காணி உருவங்கள் கையில் சாட்டையேந்தி நிற்பதும் இக்காலத்தில் வழக்கமாகிறது. பதிலாள் விலைக்கு வாங்கிய ஏவலாளாகிவிட்டான். இந்தப் பிற்கால நிலையைத் தொடக்கத்தின் மேல் ஏற்றிப் பார்ப்பதால்தான் பலிக் கோட்பாடு பொருந்துவதுபோல் தோன்றுகிறது.

ஆகவே, உஷப்திகளைச் சமயச் சின்னங்களாக மட்டும் வகைப்படுத்துவது போதாது. மறுமையிலும் உழைப்புக் கடமை நீங்காது என்று நம்பிய ஒரு சமூகம், ஆள் திரட்டலையும் மேற்பார்வையையும் எவ்வாறு ஒழுங்குபடுத்தியது என்பதற்கு அவை முதன்மைச் சான்றுகள். உழைப்பு வரலாற்றின் ஆவணங்களாகவும் அவற்றைப் படிக்க வேண்டும்.