அகமுதலுருச் சிறுவலை: கருவியும் கூட்டுழைப்பும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அறிவியல் வரலாற்றைத் தனிமனித மேதைகளின் வரலாறாக எழுதும் மரபு இன்றும் வலிமையுடன் நிலவுகின்றது. இலக்கிய வரலாற்றைப் புலவர் சரித்திரமாகக் குறுக்கிய நோக்கும் இதுவே. கலத்தினுள் அமைந்த அகமுதலுருச் சிறுவலை அறியப்பட்ட வரலாறு இந்நோக்கின் போதாமையைத் தெளிவுறக் காட்டுகின்றது.

1897இல் பிரெஞ்சு ஆய்வாளர் சார்ள்ஸ் கார்னியே, சுரப்பிக் கலங்களின் குழியவுருவில் மூலச் சாயங்களை ஏற்கும் இழைபோன்ற பகுதியொன்றை அவதானித்தார். அவர் அதற்கு இட்ட 'எர்காஸ்ட்டோபிளாசம்' என்னும் பெயர், தொழில் புரிதலைச் சுட்டும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. ஆயின் ஒளி நுணுக்குக்காட்டி ஏறத்தாழ 0.2 மைக்கிரோமீற்றரிலும் குறைந்த இடைவெளிகளைப் பிரித்துக் காட்டாது. எனவே கார்னியேயின் கருத்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஐயத்துக்குரியதாகவே கிடந்தது. இங்கு குறை அறிவாற்றலில் அன்று, கருவியிலேயே இருந்தது.

1931இல் பேர்ளினில் நொல், ருஸ்கா ஆகியோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியை உருவாக்கினர். 1945இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த கீத் போர்ட்டர், அல்பேர்ட் குளோட் ஆகியோர் ஏர்னஸ்ட் புல்லமுடன் இணைந்து, வளர்ப்பூடகத்தில் வளர்த்த கோழி முளையக் கலமொன்றின் படத்தை வெளியிட்டனர். அதிற் பின்னல்வேலை போன்ற வலையமைப்பொன்று தென்பட்டது. பயன்பட்ட கருவியோ அச்சுமை முதலியவற்றை உற்பத்தி செய்த இன்ரர்கெமிக்கல் என்னும் தொழில் நிறுவனத்துக்குரியது. புல்லம் அங்கு பணியாற்றியவர். குளோட்டும் இளமையில் பெல்ஜிய உருக்காலையொன்றில் தொழில் பயின்றவர்.

எனினும் கருவியே யாவற்றையும் தீர்மானித்தது எனல் பொறிமுறைவாதமாகும். இலத்திரன்கள் ஊடுருவத்தக்க மெல்லிய கலங்களைப் பெறும் கைத்திறன் இன்றேல் அக்கருவியாற் பயன் விளைந்திராது.

இச்சிறுவலையின் தொழில் படிப்படியாகவே துலங்கியது. ருமேனியரான ஜோர்ஜ் பலாடே, 1950களின் நடுப்பகுதியில், அதன் மென்சவ்வில் ஒட்டியிருந்த நுண்மணிகளை விவரித்தார். பின்னர் இவை இறைபோசோம்கள் எனப் பெயர் பெற்றன. கலத்திலிருந்து வெளியேறவேண்டிய புரதங்கள் இங்கு தொகுக்கப்பட்டுச் சிறுவலையினுட் புகுந்து மடிப்புறுகின்றன. அவை அங்கிருந்து கொல்கி உபகரணத்தை அடைவதை ஜேமிசனும் பலாடேயும் 1967இல் கினிப்பன்றியின் சதையித் துண்டுகளைக் கொண்டு நிறுவினர். இன்சுலினின் முன்வடிவமும் இவ்வழியே செல்வதாகும். இறைபோசோம் அற்ற அழுத்தமான பகுதியோ இலிப்பிட்டுத் தொகுப்பிலும், ஈரற்கலங்களில் நச்சுப்பொருள்களை மாற்றுவதிலும் ஈடுபடுகின்றது.

1974ஆம் ஆண்டின் நோபல் பரிசு குளோட், டி டுவ், பலாடே ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. 'அகமுதலுருச் சிறுவலை' என்பதன் மூலப்பெயரை வழக்கிற் கொணர்ந்த போர்ட்டர் அதில் இடம்பெறவில்லை. மூவருக்கு மேற் பகிரலாகாது என்ற விதியே கூட்டுழைப்பின் விளைவைத் தனியுடைமையாக்கும் சிந்தனையின் வெளிப்பாடு எனலாம்.

முடிவாக ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பாடநூல்கள் இச்சிறுவலையைத் 'தொழிற்சாலை' என வருணிப்பதுண்டு. கலத்தில் முதலாளியுமில்லை, கூலியுமில்லை. சமூக உறவுகளை இயற்கையின்மீது ஏற்றி, பின்னர் அவற்றை இயற்கை நியதியென மீட்டெடுப்பது பழைய தந்திரம். உழைப்பை நாம் தேடவேண்டிய இடம் அவ்வுவமையன்று. அக்கலத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்திய மனிதரின் கைகளே.