ஒன்றாம் தேதிக் குடும்பங்கள்

மாதம் பிறந்ததும் மளிகைக்கடை நோட்டில் பழைய பாக்கி பாதியாவது நேராகும். வாடகை, பால், பள்ளிக்கூடச் சம்பளம் என்று பணம் தனித்தனியாகப் பிரியும். இருபதாம் தேதிக்கு மேல் கைமாற்றுதான். சென்னையின் நடுத்தரக் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக மாதம் இப்படித்தான் நகர்ந்தது.

இந்த வாழ்க்கை உருவான இடங்களில் ஒன்று திருவல்லிக்கேணி. குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் வக்கீல்களும் நெருங்கிக் குடியிருந்த பகுதி. கடையில் கடன் நோட்டு வைத்தவருக்கு விலையைப் பற்றிப் பேச வாய் கிடையாது. எடை குறைந்தாலும் அரிசியில் கல் இருந்தாலும் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். 1904-ல் அங்கே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இன்றும் சென்னைவாசிகளுக்கு அது டி.யூ.சி.எஸ். இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 1844-ல் நெசவாளர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து திறந்த கடைதான் முன்மாதிரி: சரியான எடை, கலப்படமில்லாத சரக்கு, வாங்கிய அளவுக்கேற்ப லாபத்தில் பங்கு. மாதச் சம்பளக்காரர்கள் கடைக்காரரின் தயவை விட்டு வெளியே வர எடுத்த பெரிய முயற்சி அது.

இரண்டே ஆண்டில் மாதச் சம்பளக்காரர்களின் சேமிப்பில் இடி விழுந்தது. 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. வெள்ளைக்காரர் வங்கி, கூடுதல் வட்டி என்று நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்ட ஆயிரக்கணக்கானோர் தவித்துப்போனார்கள். அதை நடத்திய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. போன பணம் முழுதாகத் திரும்பவில்லை. அந்த அடியிலிருந்து எழுந்ததே, வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உருவாக்கிய இந்தியன் வங்கி. 1907 ஆகஸ்ட் 15-ல் அது செயல்படத் தொடங்கியது. ஆனாலும் வங்கி மூழ்கும் பயம் நெடுங்காலம் விடவில்லை. 1955-ல் வந்த ‘முதல் தேதி’ படத்தில் சிவாஜி கணேசன் ஒரு வங்கி குமாஸ்தா. வங்கி மூடப்பட, வேலை போய்விடுகிறது. வைப்புத்தொகைக்கு அரசுக் காப்பீடு வந்தது 1962-ல்தான். உச்சவரம்பு 1,500 ரூபாய். இன்று அது 5 லட்சம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு நியாயமாக இருக்காது. அந்தக் காலத்து அரசு அலுவலக நாற்காலிகளில் பெரும்பாலானவை மிகச் சில சாதியினரிடமே இருந்தன. 1916-ன் பிராமணரல்லாதார் அறிக்கை எழுப்பிய முதன்மையான குறை அதுதான். 1921-ல் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்த வகுப்புவாரி ஆணையிலிருந்து இன்றைய 69 விழுக்காடு இடஒதுக்கீடு வரை நடந்தது, ஒன்றாம் தேதிச் சம்பளத்தைப் புதிய வீடுகளுக்குக் கொண்டுசேர்த்த வேலை. உழவர், நெசவாளர், கூலித் தொழிலாளர் வீடுகளில் முதல் ஆசிரியையும் முதல் எழுத்தரும் முதல் பொறியாளரும் வந்தார்கள். தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கம் உண்மையிலேயே வளர்ந்தது அப்போதுதான்.

இன்று யார் நடுத்தர வர்க்கம்? ‘பிரைஸ்’ ஆய்வு நிறுவனம் ஆண்டுக்கு 5 லட்சம் முதல் 30 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பம் என்கிறது. 2019-ல் வந்த 10 விழுக்காடு இடஒதுக்கீட்டில் ஒன்றிய அரசு 8 லட்சத்துக்குக் குறைவான குடும்பத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தது என்றது. 2025 பட்ஜெட்டோ புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றது. ஆறு லட்சம் சம்பாதிக்கும் வீடு ஒரு கணக்கில் நடுத்தரம், இன்னொன்றில் நலிவு.

வருமானத்தை மட்டும் அளந்தால் இந்தக் குழப்பம் தீராது. அன்றைய டி.யூ.சி.எஸ். உறுப்பினர்களுக்குக் கையில் காசு குறைவு. ஆனால் அடுத்த மாதமும் சம்பளம் வரும் என்பது உறுதி. அரசு வேலையென்றால் ஓய்வுக்குப் பிறகும் ஒரு தொகை வரும். இன்று மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையில் பல மடங்கு சம்பாதிப்பவரின் வீட்டிலும் வாகனத்திலும் இருபது ஆண்டு, ஐந்து ஆண்டுத் தவணை ஏறியிருக்கிறது. வேலைக்கோ அந்த ஆயுளுக்கு உத்தரவாதம் இல்லை. மறைந்துகொண்டிருப்பது அந்த உறுதிதான். அது போனபின் வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் மனிதருக்கு நிம்மதி கிடைப்பதில்லை.

அந்த உறுதி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே அரசு வேலையிலேயே ஒரு கோடு விழுந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த தமிழக அரசு ஊழியர்களுக்குப் பழைய ஓய்வூதியத்துக்குப் பதில் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. மாதந்தோறும் சம்பளத்தில் 10 விழுக்காடு பிடித்தம். ஒரே பள்ளி, ஒரே வகுப்புப் பாடம். மார்ச்சில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு, ஏப்ரலில் சேர்ந்தவருக்கு இல்லை என்று ஆனது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தத்தில் ஆசிரியர்கள் பள்ளிகளை விட்டுத் தெருவுக்கு வந்தபோது, கோரிக்கைகளில் முதலில் நின்றது அந்தப் பழைய ஓய்வூதியம்.